தறி நின்ற நாள்

"நான் வாசிச்சத இன்னொருத்தர் பேர்ல போடப்போறாங்க சார். சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள நிறுத்தியாகணும்."

கல்பனா சாக்ஸபோன் பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். துப்பறிவாளர் கோதண்டபாணி தண்ணீர் கொடுத்தார். உதவியாளர் தேவிப்பிரியா அதற்குள் பேனாவைத் திறந்துவிட்டாள்.

கல்பனாவும் கிதார் வாசிக்கும் வளவனும் மாதாமாதம் அமாவாசையன்று, வளவனின் மாமா வைத்திருக்கும் விசைத்தறிக்கூடத்து மாடியில் சேர்ந்து வாசிப்பார்கள். எதையும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. அப்போது தோன்றுவதை வாசித்துப் பதிவு செய்வார்கள். கடைசிப் பதிவைச் சென்னை இசைவிழா ஒன்று தேர்ந்தெடுத்திருந்தது. ஆனால் விழாக் குழுவுக்குப் போன தகவலில், சாக்ஸபோன் வாசித்தவர் பிரபலக் கலைஞர் அசோக்குமார் என்றிருந்தது. பதிவான நாள், அமாவாசைக்கு முந்தைய ஞாயிறு என்றிருந்தது. அன்று மாலை ஐந்து மணிக்கு விழாப் பட்டியலை வெளியிடப் போகிறார்கள்.

"வளவன் என்ன சொல்றான்?"

"போனே எடுக்கல சார். இது போச்சுன்னா ஊட்டுல மறுபடி வாசிக்க உடமாட்டாங்க. எழுதி வாசிச்சதா இருந்தா காட்டலாம். நான் எதக் காட்டறது?"

கோதண்டபாணி பதிவைக் கேட்டார். சாக்ஸபோன் ஓயும் இடங்களில் கிதாரின் ஆம்ப்ளிஃபயர் மெல்ல இரைந்தது. வேறு சத்தமே இல்லை. அந்த இடங்களையே திரும்பத் திரும்ப ஓடவிட்டார்.

"வாசிச்சத உட்டுட்டு சும்மா இருக்கிற எடத்தயே கேட்டுகினு இருக்காரே" என்று கல்பனா முணுமுணுத்தாள்.

"கல்யாணத்துக்குப் போனாலும் சாப்பிட்டு முடிச்ச எலையத்தாங்க பாப்பாரு" என்றாள் தேவிப்பிரியா.

மூவரும் தறிக்கூடத்துக்குப் போனார்கள். அன்றும் ஞாயிறுதான். தறிகள் அடித்த அடியில் படிக்கட்டே அதிர்ந்தது. மாடியில் வளவன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அவனோடு ஒத்திகைக்கு வந்திருந்த அசோக்குமார் எழுந்து கைகுலுக்கினார். கதவும் ஜன்னலும் சாத்திய பிறகும் உரக்கத்தான் பேச வேண்டியிருந்தது.

"அமாவாசை அன்னைக்கு எங்க இருந்தீங்க?" என்று அவரிடம் கேட்டார் கோதண்டபாணி.

"சென்னையில. காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் ஒரு ஹோட்டல் திறப்பு விழா. வீடியோ இருக்கு. நாங்க இங்க வாசிச்சது அதுக்கு முந்தின ஞாயிறு. லீவு நாள்."

தேவிப்பிரியா நிமிர்ந்தாள். "இங்க ஞாயித்துக்கெழம ஏதுங்க லீவு? காது அடைக்குது."

"தறிக்கு அமாவாசைதான் லீவு" என்றார் கோதண்டபாணி. "பதிவுல ஒரு தறிச் சத்தம்கூட இல்ல."

"அன்னைக்குக் கரண்ட் போயிடுச்சு. தறி நின்னுடுச்சு."

மணி ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

"கரண்ட் போயிருந்தா ஆம்ப்ளிஃபயர் எப்படி இரைஞ்சுது?" என்றார் கோதண்டபாணி. "கரண்ட் இருந்திருக்கு, தறி நின்னிருக்கு. ஆக, அது அமாவாசை. அன்னைக்கு நீங்க சென்னையிலன்னு இப்பதான் சொன்னீங்க."

அசோக்குமார் வளவனைப் பார்த்தார். வளவன் அவரைப் பார்க்கவில்லை.

"நாள அவருதான் போட்டாரு சார். நானா இருந்தா ஞாயித்துக்கெழமன்னு போடுவனா? பேரு வாங்கின ஆளோட போனா அடுத்தடுத்து கூப்புடுவாங்கன்னாரு. சரின்னுட்டேன்" என்றான்.

"விழாக் குழுவுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க" என்றார் கோதண்டபாணி.

வளவன் பேசிப் பெயரை மாற்றி முடித்தபோது அசோக்குமார் படியிறங்கிப் போயிருந்தார்.

"மேடையில என்கூட வாசிப்பியா?" என்று கேட்டான் வளவன்.

கல்பனா பெட்டியைத் திறந்தாள். ஜன்னலையும் திறந்தாள். தறிச் சத்தம் அறையெங்கும் நிறைந்தது. பதிவுப் பொத்தானை அவளே அழுத்தி, மைக்கை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"மொதல்ல நாளச் சொல்லு. அப்புறம் பேரு."

வளவன் மைக்கின் பக்கம் குனிந்தான். "ஞாயித்துக்கெழம. சாக்ஸபோன், கல்பனா."