நடுங்காத கால்

அன்னக்கொடி பக்கெட் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, சுரீரென்று கையை உதறினாள்.

"ஏன்டி, தண்ணி இப்பிடிக் கொதிக்குது! இதுலயா இம்புட்டு நேரம் காலை வச்சிருக்க?"

ஷர்மிளா குனிந்து பார்த்தாள். கணுக்கால் வரை செக்கச்செவேலென்று இருந்தது. பக்கெட்டில் கால் இருப்பது கண்ணுக்குத் தெரிந்ததே தவிர, காலுக்குத் தெரியவில்லை.

"சுடலயேம்மா."

"எப்பிடிச் சுடும்? வெள்ளனே எந்திரிச்சு பனிப் புல்லுல வெறுங்காலோட நின்னா? மரத்துப்போய்க் கெடக்கு. உணர்ச்சி வராம இன்னைக்கு ஆடப் போகாத, சொல்லிப்புட்டேன்."

போகாமல் எப்படி? பாலே நடனம் ஆடும் ஒரு பெண், துளி பிசகில்லாமல் ஆட வேண்டும் என்ற வெறியில் புத்தி பேதலித்துப்போகிறாள். அதுதான் சண்முகராஜ் எடுக்கிற படத்தின் கதை. மலையூரான அட்டுவம்பட்டியில் ஒரு பழைய பங்களாவை வாடகைக்குப் பிடித்திருந்தார். கதாநாயகிக்கு முகம் இருந்தது, ஆட்டம் வரவில்லை. அதனால் ஷர்மிளா ஆடுவாள். கழுத்துக்கு மேல் கதாநாயகியின் முகத்தைப் பிறகு கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொள்வார்கள். ஷர்மிளா மேல்மலையில் பூண்டு பயிரிடுகிற வீட்டுப் பிள்ளை, ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது பாலே கற்றவள். இப்படியொரு வாய்ப்பு இனி வராது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கடைசிச் சுழற்சியில் ஒற்றைக் கால் நுனியில் நிற்கும்போது, வலி தாங்காமல் கால் லேசாக நடுங்கிவிடுகிறது. இன்றைக்கும் நடுங்கினால் நாளைக்கு பெங்களூரிலிருந்து வேறு பெண் வருகிறாள்.

அதற்காகத்தான் பனிப் புல். முதலில் விரல்கள் மரத்தன, ஆட்டம் கொஞ்சம் தேறியது. பிறகு பாதம். வலி குறையக் குறைய சண்முகராஜின் முகம் மலர்ந்தது. நியாயமாக அவள் பயந்திருக்க வேண்டும். பயம் எங்கோ பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி தள்ளிக் கேட்டுக்கொண்டிருந்தது.

மதியமே இருட்டிவிட்டது. பங்களாக் கூடத்தின் மூன்று சுவரிலும் ஆளுயரக் கண்ணாடிகள். ஜன்னல் இடுக்கில் நுழைந்த மூடுபனி அவற்றின் மேல் ஆவியாகப் படிந்து வழிய, ஈரக் கம்பளி நாற்றமும் யாரோ தேய்த்திருந்த தைல வாசனையும் பழைய மரத்தரையின் ஊறிப்போன வாடையும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் தங்கின. ஷர்மிளா மூலை நாற்காலியில் உட்கார்ந்து ஷூவின் ரிப்பனைக் கட்டிக்கொண்டிருந்தாள். டொக். டொக். டொக். பாலே ஷூவின் கட்டியான நுனி பலகையில் தட்டும் சத்தம். இங்கே ஆடுகிறவள் அவள் ஒருத்திதானே? கண்ணாடிகளைப் பார்த்தாள். கூடத்தில் யாரும் ஆடவில்லை.

பிறகு குனிந்து பார்த்தாள்.

அவளுடைய கால்கள்தான். உட்கார்ந்திருந்தபடியே தரையைத் தட்டிக்கொண்டிருந்தன. முழங்காலை இரண்டு கையாலும் அழுத்தினாள். அழுத்துவது கைக்குத் தெரிந்தது. முழங்காலுக்குத் தெரியவில்லை.

"யம்மா..."

வாசலில் ஸ்வெட்டரோடு நின்ற அன்னக்கொடி திரும்பினாள். "என்னடி?"

"கால் தானா..."

"ஷர்மிளா, ரெடியாம்மா?" என்று சண்முகராஜ் குரல் கொடுத்தார். "இன்னைக்கு முடிச்சிரணும்."

பெங்களூர்ப் பெண் நினைவுக்கு வந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா," என்றாள் ஷர்மிளா.

இசை தொடங்கியது. கால்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போயின. அப்படித்தான் இருந்தது. அவள் எதுவும் செய்யவில்லை. கடைசிச் சுழற்சி வந்தது. ஒற்றை நுனியில் நின்றாள், சுற்றினாள். நடுக்கம் இல்லை.

"கட்! இதுதான்மா! இதைத்தான் கேட்டேன்!"

எல்லோரும் கைதட்டினார்கள். கிடைத்துவிட்டது. அழுகை வரும்போல இருந்தது. குதிகாலை இறக்க நினைத்தாள்.

இறங்கவில்லை.

இசை நின்றுவிட்டது, சுழற்சி நிற்கவில்லை. டொக். டொக். டொக். இடுப்பு மரத்தது. கண்ணாடி, அம்மா, கண்ணாடி, கேமரா. கைகள் மரத்தன.

"போதும்டி, அதான் ஓகேன்னுட்டாருல்ல?" என்று சிரித்தாள் அன்னக்கொடி.

யம்மா, புடி. சொல்ல நினைத்தாள். நாக்கு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அம்மா அவள் கண்ணைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. ஓடிவந்து காலைக் கட்டிப்பிடித்தாள். கால் அவளைத் தூக்கி எறிந்தது.

"குறுக்க யாரும் போகாதீங்க," என்றார் சண்முகராஜ். அவர் கண் மானிட்டரை விட்டு அகலவில்லை. "கேமரா ஓடட்டும்."

"எம்புள்ளைக்கு உணர்ச்சி வரணும். வந்தா நின்னுருவா." அன்னக்கொடி வராந்தாவுக்கு ஓடினாள். டீக்குக் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரைப் பானையோடு தூக்கிவந்தாள். சுற்றும் காலின் மேல் கவிழ்த்தாள்.

ஆவி எழுந்தது. அவிழ்ந்த ரிப்பன் தரையில் விழுந்தது. ரிப்பனோடு தோலும்.

வலிக்கவில்லை.

அலற வாயைத் திறந்தாள் ஷர்மிளா. திறந்ததாகத்தான் நினைத்தாள். மூன்று கண்ணாடிகளிலும் அவள் உதடுகள் அளவாக, அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தன.

"ஆவி நல்லாருக்கு," என்றார் சண்முகராஜ் மெதுவாக. "இன்னும் கொஞ்சம் ஊத்துங்கம்மா."

டொக். டொக். கால் நடுங்கவே இல்லை.