காலிக் கூடத்தின் ரிவெர்ப்

மறுநாள் இடிக்கப் போகிற வீடு அது. அக்காவும் மாமாவும் குடியிருந்த வீடு. அக்கா தவறிப்போன பிறகு மாமா அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. சாமான்களை ஒழித்துப் போட்டதெல்லாம் நான்தான். அன்று மத்தியானம் மைக், லேப்டாப், ஒரு பாக்கெட் பலூன் சகிதம் வந்து நின்றார்.

"என்ன மாமா, பொறந்த நாளா?"

என் வாயைத் தைக்க வேண்டும்.

அவர் கோபப்படவில்லை. "உங்க அக்காவோட கடைசிப் பாட்டு அப்படியே கெடக்குடா," என்றார்.

பாட்டுகளை மிக்ஸ் பண்ணுவது மாமாவின் தொழில். "நான் பேசினா உங்க மாமாவுக்குக் காது கேக்காது, பாடினா மட்டும் கேக்கும்," என்பாள் அக்கா. அந்தக் கடைசிப் பாட்டை எதிரொலியே இல்லாத சின்ன அறையில் பதிந்திருந்தார்கள். ரிவெர்ப் என்கிற அறை எதிரொலியைச் சேர்க்காவிட்டால் குரல் அலமாரிக்குள் அடைபட்ட மாதிரி இருக்கும். அதிகமாகச் சேர்த்தால் தூரமாகப் போய்விடும். கம்ப்யூட்டரில் இருக்கிற மண்டபம், அரங்கம் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டாராம்.

"எதுல வச்சாலும் அடுத்தவங்க வீட்டுல நின்னு பாடுறா. அவ இந்தக் கூடத்துல பாடினவடா."

காலிக் கூடத்தில் பலூனை வெடித்து, அந்த எதிரொலியைப் பதிந்துகொண்டு போனால், அக்காவின் குரலை அதற்குள் வைத்துவிடலாம். நாளைக்குக் கூடமே இருக்காது.

உள்ளே ஈரச் சுவர் வாடை. ஜன்னலெல்லாம் சாத்தியிருந்ததால் பகலிலும் அரையிருட்டு.

"வெறும் கூடம், எப்படி முழங்குது பாரு," என்று பலூனைக் குத்தினார்.

பட்.

அவ்வளவுதான். சத்தம் அங்கேயே அடங்கிவிட்டது.

"நீ வெளிய போ. ஆள் நின்னா சத்தத்தை உறிஞ்சிடும்."

போனேன். மறுபடியும் அதே மொட்டைச் சத்தம். பிறகு பலூனைக் கூடத்து விட்டத்துக் கொக்கியில் கட்டிவிட்டு அவரும் வாசலுக்கு வந்தார். நீளக் கம்பின் நுனியில் ஊசி கட்டி, அங்கிருந்தே குத்தினார்.

பட்.

மாமா லேப்டாப் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மைக்குக்கு முன்னாடி யாரோ நிக்கிறாங்க," என்றார் மெதுவாக.

கூடத்தில் யாருமில்லை. ஆனால் இருமல் மிட்டாய் வாசனை வந்தது. பாடுவதற்கு முன்னால் அக்கா வாயில் போட்டுக்கொள்கிற அதே மிட்டாய். நான் வாசல் நிலையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

மாமா இருட்டைப் பார்த்துக் கெஞ்சினார். "கொஞ்சம் வெளிய வாயேன்மா. உன் பாட்டை முடிக்கணும்."

வாசனை நெருங்கியது.

என்னை உரசிக்கொண்டு வெளியே போனது.

என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கூடப்பிறந்தவன் நான், குத்துக்கல்லாட்டம் அங்கேயே நிற்கிறேன். பயத்தையும் மீறி அழுகை முட்டியது.

அடுத்த பலூன் வெடித்தபோது கூடம் முழங்கியது. மாடிப்படி வரைக்கும் ஏறி, இறங்கி, நெடுநேரம் கழித்து ஓய்ந்தது. மாமா அதைப் பதிந்து, அங்கேயே அக்காவின் குரலோடு சேர்த்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

"இங்கதான்டா பாடுறா," என்றார். "இங்கயேதான்."

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கூடத்துக்குள் போனார். நட்டநடுவில் உட்கார்ந்தார். அக்காவைக் கொண்டுபோன அன்றுகூட அழாத மனுஷன், வாய்விட்டுக் கதறினார்.

"நானே உன்னை வெளிய போகச் சொல்லிட்டேனே!"

அந்தக் கதறலுக்கு வீடே அதிர்ந்திருக்க வேண்டும்.

அதிரவில்லை.

யாரோ தோளில் சாய்த்து அணைத்துக்கொண்ட மாதிரி, சத்தம் அவர் முகத்தருகிலேயே அமுங்கியது.

"மாமா!" என்று பயந்துபோய்க் கூப்பிட்டேன். என் குரல் கூடமெங்கும் முழங்கித் திரும்பி வந்தது.

அவர் அழுகை மட்டும் கடைசிவரை எதிரொலிக்கவே இல்லை.