பாலத்துக்குக் கீழே மழை

"ஐயோ... மாதாவே...!"

சகாயமேரியின் அலறல் மேம்பாலத்தில் மோதித் திரும்பி வந்தது.

மரக்காணத்தில் புதிதாய் எழுந்த பாலம் அது. குப்பையும் நாய்களும் குடியிருந்த அதன் அடிப்பகுதியில் இப்போது ஊரே கடை போட்டிருந்தது. மீன், கருவாடு, காய்கறி, டீ.

சகாயமேரி உப்பு விற்பவள்.

காலையில் வந்தவள் உப்புக் குவியல் பனையோலையால் மூடிக் கிடப்பதைப் பார்த்தாள். யார் பார்த்த வேலை இது? முணுமுணுத்தபடி ஓலையை விலக்கி, உப்பு அளக்கும் படியை உள்ளே விட்டாள்.

படி எதிலோ இடித்தது.

ஒரு கை! வாட்ச் கட்டிய கை!

இன்ஸ்பெக்டர் சூர்யகலா வருவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. உப்பிலிருந்து வெளியே வந்தவர் மார்க்கெட் சங்கச் செயலாளர் மணிகண்டன். பின்மண்டை பிளந்திருந்தது.

"இதுல யோசிக்கவே வேணாம் மேடம்!" சங்கத் தலைவர் தனகோடி பதறினார். பரம்பரை உப்பளக்காரர். "நேத்து சாயந்திரம் டீக்கடை ஜமீல் இவன்கிட்ட சண்டை போட்டான். 'உன்ன உப்புல புதைச்சிடுவேன்'னு கத்தினான். மார்க்கெட்டே கேட்டுச்சு!"

கான்ஸ்டபிள் பிரபுவின் பிடியில் இருந்த ஜமீல் கையெடுத்துக் கும்பிட்டான்.

"சொன்னேன் மேடம்... கடைய முன்னால இழுத்துப் போட்டேன்னு திட்டினாரு. கோவத்துல வாய்க்கு வந்தத சொல்லிட்டேன். அல்லா மேல சத்தியமா நான் தொடல!"

அவன் மனைவி நஸ்ரியா ஓடி வந்து சூர்யகலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"துபாய் வேலைய முடிச்சிட்டு மொத்தமா வந்துட்டாரு மேடம். இருந்ததெல்லாம் இந்தக் கடையிலதான் போட்டிருக்கோம். இவர இட்டுக்கினு போயிட்டா நாங்க எங்க மேடம் போவோம்?"

இவன் செய்திருக்க மாட்டான் என்றது சூர்யகலாவின் மனசு. ஆனால் மனசு சாட்சி சொல்லாதே!

"கடைங்களுக்கும் சீல் வெச்சிடுங்க மேடம்," என்றார் தனகோடி பெருமூச்சோடு. "கொலை விழுந்த எடத்துல யாரு வியாபாரம் பண்ணுவாங்க?"

தலைவருக்கு ரொம்பத்தான் அவசரம்...

"சகாயமேரி, இந்த ஓலை யாருது?"

"என்னுதுதாங்க. சாயங்கால வெயிலுக்கு மறைப்பு கட்ட வெச்சிருந்தேன். ஆனா உப்ப நான் மூடலீங்க. பாலத்துக்குக் கீழ எதுக்கு மூடணும்?"

எதுக்கு மூடணும்? சூர்யகலா ஓலைகளை வெறித்துப் பார்த்தாள்.

பொணத்தை மறைக்க உப்பு போதுமே!

அப்போதுதான் வானம் இடித்தது.

சடசடவென்று மழை. பாலத்துக்கு வெளியே சாலை வெள்ளையாய் மறைந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. மீன்காரிகள் அசையவே இல்லை. சகாயமேரியும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள்.

ஒருவர் மட்டும் குனிந்தார்.

பேசிக்கொண்டே ஓலையை எடுத்தார். குவியலின் அடியில் ஒன்று. அதன் மேல் ஏறினாற்போல இன்னொன்று. நுனி கீழே பார்க்க, தண்ணீர் வழிந்து ஓடும் வாட்டத்தில்...

"தலைவரே!"

தனகோடியின் கை அந்தரத்தில் நின்றது.

"என்ன பண்றீங்க?"

"மழை மேடம்... உப்பு கரைஞ்சிடும்..."

"மேல பாலம் இருக்குதே!"

தனகோடி அண்ணாந்து பார்த்தார். கான்கிரீட்!

"நேத்து ராத்திரியும் மழை. உப்பும் இப்பிடித்தான் மூடிக் கெடந்திருக்கு," என்றாள் சூர்யகலா மெதுவாக. "ஜமீலுக்கு டீ போடத்தான் தெரியும். இடி சத்தம் கேட்டதும் உப்ப மூட கை தன்னால ஓலைக்குப் போறது உப்பளத்துல பொறந்தவங்களுக்குத்தான். இங்கயே கடை வெச்சிருக்கற சகாயமேரிக்கு அது விட்டுப்போச்சு. உங்களுக்கு இன்னும் விடல. மணிகண்டன எதுக்கு அடிச்சீங்க?"

ஓலை கீழே விழுந்தது.

"இந்தப் பாலத்தடி எடத்த பார்க்கிங் கான்ட்ராக்டருக்கு முடிச்சுத் தர்றேன்னு வாக்கு குடுத்துட்டேன்... அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. எல்லார்கிட்டயும் சொல்லுவேன்னான். ஜமீல் கத்தினது ஞாபகம் வந்துது. ஒரே கொலையில மார்க்கெட்டும் காலியாயிடும்னு..."

"துரோகி!" சகாயமேரி காறித் துப்பினாள்.

பிரபுவின் பிடி ஜமீலை விட்டுத் தனகோடிக்கு மாறியது. ஜமீல் விம்மினான். நஸ்ரியா அழுதுகொண்டே சிரித்தாள்.

"கடைய... தெறக்கலாமா மேடம்?"

"உப்புக்கடை மட்டும் இன்னிக்கு வேணாம். நீங்க தெறங்க."

தனகோடி உதட்டை நக்கினார். "குடிக்க... கொஞ்சம் தண்ணி..."

"நஸ்ரியா, மொத போணி தலைவருக்கு. ஒரு க்ளாஸ் தண்ணி குடுங்க," என்றாள் சூர்யகலா. "உப்பு தின்னவன் தண்ணி குடிப்பான்னு கேள்விப்பட்டிருக்கேன். மூடினவனுக்கும் தாகம் எடுக்கும்னு இன்னிக்குத்தான் தெரியுது!"