பதினான்கு தலைமுறைச் சொந்தம்

குருதித்தடங்காட்டி அன்று காலையிலிருந்து நூற்றுப் பதினேழாவது முறையாகப் பச்சை விளக்கை எரித்தது. கருவி பழுதாகிவிட்டது என்றே நினைத்தார் சேர்க்கை அலுவலர் செங்கமலம். எதிரே இருந்த அருள்மணி வேதாரண்யத்து உப்பளத் தொழிலாளியின் மகள். அவள் குடும்பத்தில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை.

நானூறு ஆண்டுப் பழமையான அந்தக் கல்லூரியில் இடங்கள் மொத்தம் இருநூறு. பழைய மாணவர்களின் வழிவந்தவர்களுக்கே முன்னுரிமை; அவர்களுக்கு நுழைவுத்தேர்வும் கிடையாது. போலி வாரிசுச் சான்றிதழ்கள் பெருகவே, அறங்காவலர் குழுத் தலைவர் சிவப்பிரகாசம் இந்தக் கருவியை நிறுவினார். ஒரு சொட்டு இரத்தத்திலிருந்து முன்னோர்களைத் தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிக் கண்டுபிடிக்கும் கருவி அது. அவர்களில் ஒருவராவது அங்கே படித்திருந்தால் பச்சை விளக்கு எரியும்.

பொறியாளர்கள் வந்து சோதித்தார்கள். பழுது ஏதுமில்லை. விண்ணப்பித்த நாலாயிரம் பேரில் முப்பத்தொன்பது பேர் தவிர அனைவருக்கும் பச்சை. நாங்கள் வேறு, அவர்கள் வேறு என்று காலங்காலமாகச் சொல்லிவந்த குடும்பங்களின் கிளைகள் திரையில் பின்னிக் கிடந்தன. அருள்மணிக்கும் சிவப்பிரகாசத்தின் பேத்தி நாச்சியாருக்கும் பதினான்கு தலைமுறைக்கு முன் ஒரே பாட்டி.

மூன்று தலைமுறையோடு நிறுத்தச் சொல்லி சிவப்பிரகாசம் நீதிமன்றம் போனார். ‘எத்தனை தலைமுறையானாலும்’ என்று விதியில் எழுதியவரே அவருடைய பாட்டனார்தான் என்று காட்டி, மனுவைத் தள்ளினார்கள். எல்லோரும் வாரிசு என்றால் முன்னுரிமை யாருக்கு? கடைசியில் அனைவருக்கும் தேர்வு என்று முடிவாயிற்று.

பேத்தியை வெளிநாட்டுக்கு அனுப்ப சிவப்பிரகாசம் ஏற்பாடு செய்தார். நாச்சியார் மறுத்துவிட்டு, மூன்று மாதம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள்.

முடிவுகள் வந்தன. அருள்மணி ஒன்பதாவது. நாச்சியார் நூற்று எண்பத்தெட்டாவது.

சிவப்பிரகாசத்துக்கு முகம் வாடிவிட்டது. “நம்ம வீட்டுப் பொண்ணுக்கு இந்த இடமாம்மா?”

“நம்ம வீட்டுக்குன்னு குடுத்ததில்ல தாத்தா. இது நானே வாங்கினது.”

அவள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை அவர் வெகுநேரம் பார்த்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அவரும் அங்கே, வாரிசு என்பதால் தேர்வே எழுதாமல், முதல் மாணவராகச் சேர்க்கப்பட்டவர்தான். அன்று அப்படி எதுவும் தோன்றியதாக நினைவில்லை.

“அந்தக் கேள்வித்தாள் இருக்கா?” என்று கேட்டு வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் கேள்வியை மூன்று முறை படித்தார்.