மூலையில் ஒரு வெறும் பிஸ்கட்

தட்டில் வைத்தபோது அந்த உருண்டை முழுசாகத்தான் இருந்தது. ஜாம் பாட்டிலின் மூடி இறுகிப் போயிருந்ததால் துணியைச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு திருகித் திறந்து, ஸ்பூனோடு திரும்பிப் பார்த்தால், உருண்டையின் நடுவில் ஒரு குழி விழுந்திருந்தது. கட்டைவிரலால் அமுக்கினால் விழுமே, அந்த மாதிரிக் குழி. ஆனால் சின்னது. ஒரு பட்டாணி உட்காரும் அளவுதான்.

"ஏய் பட்டு, உன் வேலைதானே இது?" என்று கேட்க வாயெடுத்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். பட்டு சமையலறையிலேயே இல்லை. கதவு பூட்டியிருந்தது. அவளுடைய ஐந்து வயது மகள் வெளியே கூடத்தில் அப்பாவோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்தது அவளும், மாவு பிசைந்துகொண்டிருந்த மாமியாரும், ஓவனுக்குக் காவல் நின்ற நாத்தனாரும், வருஷம் தவறாமல் ஒத்தாசைக்கு வரும் எதிர்வீட்டு டீச்சரும்தான். அந்த மூவரில் யாருடைய கட்டைவிரலை வைத்தாலும் அந்தக் குழி இரண்டு மடங்கு பெரிதாகியிருக்கும்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஆண்டுக் கடைசி விடுமுறைக்கு அவள் மாமியார் வீட்டுக்கு வந்தது இதுதான் முதல் தடவை. ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு சாக்கு. இந்தத் தடவை கணவன் கெஞ்சாத குறையாகச் சொல்லிக் கூட்டிவந்திருந்தான். "பிஸ்கட் சுடுற அன்னிக்கு மட்டும் வந்துடு. எங்கம்மாவுக்கு அது உயிர்." பிஸ்கட்தானே, சுட்டால் போச்சு என்று அவளும் வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வீடு வாசப்படி, இந்த வீட்டில் அது கொஞ்சம் கூடுதல் உயரம். காலையில் முதல் தட்டில் வீட்டில் உள்ள எல்லோரும் ஆளுக்கொரு உருண்டையில் கட்டைவிரலைப் பதிக்க வேண்டும். குழியில் ஜாம் ஊற்றி ஓவனுக்குள் தள்ளியதும் ஆண்பிள்ளைகளும் குழந்தையும் வெளியே. கதவைப் பூட்டிச் சாவியை மாமியார் இடுப்பில் செருகிக்கொள்வாள். மாவு மொத்தமும் தீர்ந்தால்தான் கதவு திறக்கும். "காத்துப் பட்டா பிஸ்கட் அமுங்கிடும்மா," என்று காரணம் வேறு. கதவின் மேல்பாதியில் இருந்த கண்ணாடி வழியாகக் கணவன் அவளைப் பார்த்து, ஜெயிலுக்குள் இருப்பவளுக்குக் கைகாட்டுவதுபோல் காட்டிவிட்டுப் போனான். அவளும் சிரித்தாள். அப்போது சிரிக்க முடிந்தது.

இப்போது வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்து கருகும் வாசனை சுவரிலெல்லாம் ஏறியிருந்தது. ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் சாயங்கால வெளிச்சம் மஞ்சளாகத் தேங்கி நின்றது. ஓவனின் உறுமலும், மாமியார் மாவைத் திருப்பிப் போடும் ஒவ்வொரு தடவையும் மேஜை கொடுத்த முனகலும் தவிர வேறு சத்தம் இல்லை. அவள் குழி விழுந்த உருண்டையை எடுத்து உள்ளங்கையில் மறுபடி உருட்டினாள். குழி மறைந்தது. நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

வெளியே பட்டு அலறினாள்.

அடிபட்ட குழந்தையின் அலறல். அவள் கதவுக்கு ஓடினாள். கண்ணாடி வழியே கணவன் பட்டுவைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொடுப்பது தெரிந்தது. "ஒண்ணுமில்ல! விரல் நசுங்கிடுச்சுன்னு அழறா. ஒண்ணுமே ஆகல," என்று கத்திச் சொன்னான்.

"அத்தை, கதவைத் திறங்க. குழந்தையை ஒரு நிமிஷம் பாத்துட்டு வந்துடறேன்."

"அவன் பாத்துப்பான். நீ உருட்டு."

திரும்பி வந்து தட்டைப் பார்த்தாள். அவள் உருட்டி வைத்ததில் மறுபடி குழி இருந்தது. பக்கத்து உருண்டையிலும். அதற்கடுத்ததில் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாவு மெல்ல உள்வாங்கியது, நிதானமாக, அவசரமே இல்லாமல். குழிக்குள் மெல்லிய ரேகைகள் சுழித்திருந்தன. ரேகைகளுக்குக் குறுக்கே ஒரு கோடு. போன கோடையில் பட்டு பென்சில் சீவப்போய்க் கட்டைவிரலை வெட்டிக்கொண்ட தழும்பு அது. அந்தக் காயத்துக்கு மருந்து போட்டவளே அவள்தான்.

டீச்சரும் பார்த்துவிட்டாள். வகுப்பையே ஒரு அதட்டலில் அடக்குகிறவள், பேயறைந்ததுபோல் நின்றாள். "அக்கா," என்றாள் மாமியாரிடம், குரல் வராமல். "இங்க பாருங்க."

மாமியார் பார்த்தாள். பிசைந்த கை நின்றது.

"காலையில முதல் தட்டுல, மூலையில ஒண்ணு வெறுமையா வச்சிருந்தேனே. அதை யார் தொட்டது?"

தொட்டது அவள்தான். எல்லோரும் விரல் பதித்த பிறகு மூலையில் ஒன்று மட்டும் மொழுக்கென்று இருந்தது. பட்டுவோ 'எனக்கு இன்னொண்ணு' என்று காலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, குழந்தையைத் தூக்கி, அந்தக் கட்டைவிரலைப் பிடித்து அவளேதான் அமுக்கிவிட்டாள். அமுக்கிவிட்டுக் கன்னத்தில் ஒரு முத்தமும் கொடுத்தாள்.

"பட்டு," என்றாள். "நான்தான் வைக்கச் சொன்னேன். ஏன் அத்தை? அது யாருக்கு?"

நாத்தனார் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ அண்ணி, என்ன காரியம் பண்ணிட்டீங்க!"

"யாருன்னு பேர் சொல்றதில்ல," என்றாள் மாமியார். "கையில்லாதது. வருஷத்துக்கு ஒருதரம் இந்த வாசனைக்கு வரும். கை படாததா ஒண்ணு வச்சா, அதை எடுத்துக்கிட்டுப் போயிடும். இந்த வருஷம் நீ அதுக்குக் கையைக் குடுத்திருக்க."

"சும்மா பயமுறுத்தாதீங்க!"

"எனக்கு மட்டும் ஆசையா? அவ என் பேத்திம்மா." மாமியார் இடுப்பிலிருந்த சாவியைப் பொத்திக்கொண்டாள். "கதவைத் திறந்தா இதுவரைக்கும் எடுத்ததோட அது வெளிய போயிடும். மாவை மிச்சம் வச்சா அது இந்த வீட்டை விட்டே போகாது. கடைசி வரைக்கும் உருட்டுறதைத் தவிர வேற வழியில்ல."

அவள் கேட்கவில்லை. பாத்திரத்தோடு மாவை அள்ளித் தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திருகினாள். தண்ணீர் விழுவதற்குள் அந்த மாவுக் குவியல் முழுக்கக் குழிகள், சின்னச் சின்னதாக, மழையில் நனைந்த மணலில் விழுவதுபோல் விழுந்தன. வெளியே பட்டு மூச்சுவிடாமல் வீறிட்டாள். டீச்சர் பாய்ந்து வந்து குழாயை மூடினாள். அலறல் நின்றது. மாமியார் மாவை வாரியெடுத்து மறுபடி பாத்திரத்தில் போட்டாள்.

சாவிக்காக அவள் மாமியாரின் இடுப்பைப் பிடித்தாள். நாத்தனார் அவளைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். "வேணாம் அண்ணி, உங்க கால்ல வேணும்னா விழறேன், திறக்காதீங்க." இரண்டு பேரும் அழுதுகொண்டே மல்லுக்கட்டினார்கள். யாரும் ஜெயிக்கவில்லை. ஓவனின் மணி அடித்தது. நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அடுத்த ஈட்டை உள்ளே தள்ளினாள்.

கண்ணாடியில் டொக்டொக்கென்று தட்டும் சத்தம். பட்டு நாற்காலி போட்டு ஏறி நின்றிருந்தாள். அழுகை ஓய்ந்திருந்தது. வலது உள்ளங்கையை விரித்துக் கண்ணாடியில் வைத்தாள்.

"பாருங்களேன், கோடெல்லாம் போயிடுச்சு."

கையில் ஒரு ரேகை இல்லை. தழும்பும் இல்லை. தேய்த்து வைத்த மாவுபோல் வழவழவென்று இருந்தது. அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தன் கையை வைத்து, "வலிக்குதாடா கண்ணு?" என்றாள்.

"இல்ல." குழந்தை அவளை உற்றுப் பார்த்தது. "ஆன்ட்டி, எங்கம்மா எங்க இருக்காங்க?"

"நான்தான்டா அம்மா. பட்டு, நான்தான்." குழந்தை மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, நாற்காலியிலிருந்து இறங்கிப் போய்விட்டது. கணவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் அதன் தலையைக் கோதினான். அந்த மனுஷனைக் கூப்பிட்டுக் கதறலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கூப்பிட்டால் கதவை உடைப்பான். உடைத்தால் அது வெளியே போகும்.

அதனால் உருட்டினாள். உருட்ட உருட்டக் குழி விழுந்தது. ஓவனின் அனல் முதுகைச் சுட்டது, ஆனால் இடது தோளுக்குப் பக்கத்தில் மட்டும் குளிர்ந்தது, யாரோ அவளுடைய கைவேலையைக் கவனமாக எட்டிப் பார்ப்பதுபோல். ஈட்டுக்கு ஈடு அந்தக் குளிர் நெருங்கியது. ஜன்னலில் வெளிச்சம் போனது. யாரோ விளக்கைப் போட்டார்கள். மேஜையின் மேல் நான்கு பெண்களின் நிழல் விழுந்தது. ஐந்தாவதாக ஒன்றும் விழுந்தது. குட்டையான நிழல். தோளிலிருந்து கை தொங்கியது, ஒரே ஒரு கை, அதுவும் சின்னது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பாத்திரத்தின் அடியை மாமியார் வழித்தாள். மிச்சமிருந்தது ஒரு உருண்டைக்குத்தான்.

"இதுல அது விரல் வச்சா முடிஞ்சிடும்," என்றாள் மாமியார். அழுதுகொண்டிருந்தாள். "பட்டுவோட கை முழுசா அதுக்குப் போயிடும்."

டீச்சர் அவள் காதோடு குனிந்தாள். "அது வைக்கறதுக்குள்ள வேற ஒருத்தர் முந்திக்கிட்டா, குழந்தை கை திரும்பி வந்துடும்னு ஒரு பேச்சு உண்டு."

"டீச்சர், வாயை மூடுங்க!" என்று சீறினாள் நாத்தனார்.

"முந்திக்கிட்டவங்களுக்கு?" என்று கேட்டாள் அவள்.

டீச்சர் ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

அவள் உருண்டையைத் தட்டில் வைத்தாள். மாவு மேல்பக்கம் லேசாகச் சிலிர்த்தது. யோசிக்கவில்லை. கட்டைவிரலை வைத்தாள். அமுக்கினாள். உள்ளே ஏதோ இருந்தது. அதுவும் ஒரு விரல். குளிர்ந்தது. முட்டியது. தள்ளியது. விடவில்லை அவள். முழு உடம்பின் பாரத்தையும் போட்டாள். பட்டு பிறந்த அன்று நெஞ்சில் போட்டார்களே, அந்தச் சூட்டை நினைத்துக்கொண்டாள். எதிர்விரல் சட்டென்று வழிவிட்டது.

வழிவிட்டது என்றுதான் நினைத்தாள்.

தட்டு ஓவனுக்குள் போனது. வெந்தது. வெளியே வந்தது. கூடத்திலிருந்து பட்டுவின் குரல், பழைய குரல், பிடிவாதம் பிடிக்கும் குரல். "அம்மா! எவ்ளோ நேரம்மா! பசிக்குதும்மா!"

நாத்தனார் 'அப்பாடா' என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாமியார் சாவியைத் திருகிக் கதவைத் திறந்தாள். பட்டு ஓடி வந்தாள். அவள் முட்டிபோட்டு இரண்டு கையையும் விரித்தாள். என் தங்கமே, என் செல்லமே.

குழந்தை அந்தக் கைகளுக்கு ஊடே ஓடிப்போய் அவளுக்குப் பின்னால் நின்றவளைக் கட்டிக்கொண்டது.

அவள் திரும்பினாள். பின்னால் நின்றவள் அதே உடுப்பில் இருந்தாள். அதே கொண்டை, கன்னத்தில் அதே மாவு. குனிந்து குழந்தையைத் தூக்கினாள். இரண்டு கையாலும் தூக்கினாள். தூக்கிவிட்டு, அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பி ஆசையாகப் பார்த்துக்கொண்டாள்.

"போலாமா?" கணவன் கார் சாவியை ஆட்டினான். "மழை வர மாதிரி இருக்கு."

"போலாங்க," என்றாள் அந்தப் பெண்.

அவள் கத்தினாள். சத்தம் இல்லை. மேஜையில் ஓங்கி அறைந்தாள். சிந்திக் கிடந்த மாவில் ஒரு தடம் விழவில்லை. கணவனின் சட்டையைப் பிடிக்கப் போனாள். கதவு நிலையைத் தாண்ட முடியவில்லை. வெளிக்காற்று அவளைச் சுவர்போல் தடுத்தது. அப்பா தோளுக்கு மாறிய பட்டு சமையலறையைத் திரும்பிப் பார்த்தாள். அவள் நின்ற இடத்தையே பார்த்தாள். புருவம் சுருங்கியது.

கடைசியாக வெளியேறியவள் மாமியார். விளக்கை அணைத்தாள். முதுகைக் காட்டியபடியே, இருட்டிடம் சொல்வதுபோல் சொன்னாள். "குழந்தைக்காகப் பண்ணினது எனக்குத் தெரியும்மா. அடுத்த வருஷத்துலேர்ந்து உனக்கும் ஒண்ணு மூலையில வச்சிடறேன்."

கதவு சாத்திக்கொண்டது.

அவள் ஜன்னலுக்கு ஓடினாள். கீழே கார் கிளம்பிக்கொண்டிருந்தது. உள்விளக்கு இன்னும் அணையவில்லை. பின்சீட்டில் பட்டு அந்தப் பெண்ணின் மடியில் இருந்தாள். ஒட்டாமல், விறைத்து, கதவோரமாக நகர்ந்து நகர்ந்து பார்த்தாள். அந்தக் கை இடுப்பைச் சுற்றி வளைத்தது. குழந்தை கண்ணாடியில் முகத்தை அழுத்தி, ஜன்னலை அண்ணாந்து பார்த்து, வாயைத் திறந்து, "அம்மா" என்று கூப்பிட்டது. உதடசைவு தெளிவாகத் தெரிந்தது.

அந்தப் பெண் குனிந்து, "என்னடா கண்ணு?" என்றாள்.