முதல் லென்ஸா, இரண்டாவதா?

“இது தெளிவா இருக்கா... இல்ல, இதுவா?”

டக்கென்று லென்ஸ் மாறியது. சுவரில் எழுத்துகள் மங்கலாக நின்றன. பக்கத்தில் கண் பரிசோதகனின் முகம். அடர்ந்த புருவம்... அதன் கீழே மழைக்கு முந்தைய வானம் போல இரண்டு கண்கள். கிட்டத்தில் இருந்ததால் அவை மட்டும் அவளுக்கு நன்றாகவே தெரிந்தன.

“ரெண்டும் ஒண்ணுதான் சார்.”

“ஒண்ணா இருக்காது மேடம். யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிச்சுதான் சொல்றேன். பிரிச்சுப் பார்க்க முடியாததையெல்லாம் ஒரே கட்டாக் கட்டிடணும்னு எங்க வாத்தியார் சொல்லியிருக்கார்.”

“அவர் என்ன, கண் டாக்டரா?”

“தர்க்கம் நடத்துறார். மாலை வகுப்பு.”

பகலில் மருந்துக்கடையில் மாத்திரை அட்டைகளை அடுக்குபவள் அவள். மாலையில் தோராயக் கணங்களின் இயற்கணிதம். நம்மிடம் இருக்கும் அரைகுறைத் தகவலை வைத்து எதைப் பற்றியும் மூன்றில் ஒன்றுதான் சொல்ல முடியும்: உறுதி, இருக்கலாம், இல்லை. கூட்டல் கழித்தல் போல இவற்றுக்கும் கணக்கு உண்டு. அதில் மறுப்பு ரொம்பக் கறார். ‘இருக்கலாம்’ என்பதை ஒருமுறை மறுத்தால், விடை ‘இல்லை’. அதையும் மறுத்தால்...?

கரும்பலகையில் அந்தக் கடைசி வரிதான், கடைசி பெஞ்சில் இருந்த அவளுக்கு எறும்பு ஊர்வலமாகத் தெரிந்தது. ‘பழையபடி இருக்கலாம்தானே?’ என்று அவளாக எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருந்தாள். வெள்ளிக்கிழமை தேர்வு. அதனால்தான் இந்த நாற்காலி.

மூன்றாம் நாள் புதுக் கண்ணாடியோடு புயலாகத் திரும்பி வந்தாள்.

“படி இல்லாத இடத்துல படி தெரியுது சார்! ஆகாசத்துல கால் வச்சேன்!”

“எதைக் கேட்டாலும் ரெண்டும் ஒண்ணுன்னா, நான் என்ன ஜோசியமா பார்க்கிறது?”

“தெரியாததைத் தெரியும்னு எப்படிச் சொல்றது?”

“அம்மா தாயே... இன்னிக்காவது மனசு வச்சுச் சொல்லுங்க.”

மனசு வைத்துச் சொன்னாள். அவன் உடனே லென்ஸை மாற்றிக் கொடுத்தான். வெளியே சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. அவன் மேசையைத் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான்.

“மழை விடற வரைக்கும்... எதிர்க் கடையில ஒரு காபி. வர்றீங்களா?”

போகலாமா? உறுதியா? போதுமான தகவல் இல்லையே...

“வரலாம்... வராமலும் இருக்கலாம்.”

அவன் முகம் சுருங்கியது. “இஷ்டமில்லைன்னு நேரா சொல்லியிருக்கலாம் மேடம்.”

“இஷ்டமில்லைன்னு நான் சொல்லவே இல்லையே!”

“பரவாயில்ல. மழை நனைச்சிடும், கண்ணாடியைப் பத்திரமா வச்சுக்குங்க.”

கண்ணாடிக்கு மட்டும்தான் கரிசனமா? ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நனைந்துகொண்டே வகுப்புக்கு நடந்தாள்.

வாத்தியார் தேர்வுக்காகப் பழைய பாடத்தைப் பலகையில் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டினாள். எறும்புகள் எழுத்தாகி நின்றன.

‘இருக்கலாம்’ – மறுத்தால் ‘இல்லை’. மறுபடி மறுத்தால்... ‘உறுதி’!

பழையபடி இல்லை. ஒருபடி மேலே!

அவள் ‘வரலாம்’ என்றாள். அவன் அதை ‘இல்லை’யாக்கினான். அந்த ‘இல்லை’யை அவளே மறுத்தாள். அட ராமா... கணக்கை வாயாலேயே போட்டுவிட்டு, விடையை அவன் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள்!

“எங்கம்மா கிளம்பிட்ட, பாதியில?” என்றார் வாத்தியார்.

“செய்முறைப் பயிற்சி சார்!”

கண்ணாடிக் கடையில் அவன் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தான்.

“கடை மூடியாச்சு மேடம். நாளைக்கு வாங்க.”

“உறுதி!” மூச்சிரைத்தது. “காபிக்கு... உறுதி. உங்க மேலயும்... உறுதிதான். அன்னிக்கே எழுத்தை எங்க பார்த்தேன்? உங்களைத்தான் பார்த்துட்டிருந்தேன். அதான் எல்லாம் ஒண்ணாத் தெரிஞ்சுது!”

ஷட்டர் பாதியிலேயே நின்றது. மழை பெய்து வெளுத்த வானம் போல அந்தக் கண்கள் பளிச்சிட்டன.

“எனக்கு மட்டும் என்னவாம்? நான் எழுதிக் கொடுத்த முதல் தப்புக் கண்ணாடி உங்களோடதுதான். உங்க கண்ணு முன்னாடி யாருக்குக் கை ஓடும்?” தொண்டையைச் செருமிக்கொண்டான். “சரி... காபி இன்னிக்கா... இல்ல, நாளைக்கா?”

“ரெண்டும்” என்றாள் அவள்.