முப்பத்திரண்டாவது ஃபைல்

கிராசிமிர் ஆறரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான். நேற்றைய பனிட்சாவை, அந்தப் பாலாடைக்கட்டி அடையை, சூடாக்காமல் நின்றபடியே தின்றான். கீழ்வாசல் கதவில் மனைவி விலியானாவின் மரண அறிவிப்பு. நாற்பதாம் நாளுக்காகப் புதிதாக ஒட்டியது. படத்தைப் பார்க்காமல் கதவைத் தள்ளினான். ஈரப் பசை விரலில் ஒட்டியது.

அலுவலகத்தில் வழக்கமான கட்டளையைத் தட்டினான். அவன் எழுதிய ஸ்கிரிப்ட், ருசே நகரக் கட்டடங்களில் இணையம் பிரித்துக் கொடுக்கும் முப்பத்தொரு ஸ்விட்சுகளுக்குள்ளும் நுழைந்து, ஒவ்வொன்றின் அமைப்பையும் அதன் பெயரிலேயே ஒரு ஃபைலாக எழுதும். குரங்குகூடச் செய்யும் வேலை. முதலாளி ஸ்தாமெனுக்கு அதுவே மந்திரம்.

இன்று முப்பத்திரண்டு ஃபைல்கள்.

"பத்து மணிக்கு தொழிலாளர் துறை ஆளு விபத்தை விசாரிக்க வர்றான்," என்றார் ஸ்தாமென். "எல்லா ஃபைலையும் பென்டிரைவ்ல போட்டுக் குடு. அந்த மூஞ்சிக்கு ஒண்ணும் விளங்காது."

"சரிண்ணே."

"'முடிஞ்சுது, கரண்ட் போடு'ன்னு விலியானாவே போன்ல சொன்னா. அதான?"

"அதாண்ணே."

கூடுதல் ஃபைலின் பெயர் பதினாலாம் கட்டடத்தின் பரண். அங்கிருந்த ஸ்விட்ச் அவளோடு கருகியது. அவனே குப்பையில் போட்டான்.

திறந்தான். கேபிள் செருகும் இருபத்துநான்கு துளைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு வரி. அலுவலகத்தில் மற்றவர்கள் எண் போடுவார்கள். அவள் மட்டும் குடியிருப்பவர் பெயர், பூனையின் பெயர் வரை எழுதுவாள். செத்த அன்றும் பரணில் எழுதிக்கொண்டிருந்தாள். நிலவறையில் மின்சார மெயினை அணைத்துவிட்டு அதனருகே நாற்பது நிமிடம் காத்திருந்தான், ஒவ்வொரு நிமிடமும் அவளை இகழ்ந்தபடி.

இப்போது முதல் வரியில் மட்டும்: கிராசி.

அழித்தான். மறுபடி ஓட்டினான். உருகிய பிளாஸ்டிக்கின் வாடை மெல்ல, விசைப்பலகையின் இடுக்குகளிலிருந்து வருவதுபோல், பிறகு தன் விரல் பசையிலிருந்தே வருவதுபோல் ஏறியது. முப்பத்திரண்டு. ஒன்பது வரிகள் நிரம்பியிருந்தன.

அழித்தான். ஓட்டவில்லை. தானே ஓடியது.

வாசலில் காலடி. "வாங்க சார், காப்பி குடிக்கிறீங்களா?" ஸ்தாமெனின் குழைவு. பென்டிரைவின் விளக்கு சிமிட்டியது. அவன் எதையும் நகலெடுக்கவில்லை.

அதிகாரி கை நீட்டினார்.

திரையில் இருபத்துநான்கு துளைகளும் உயிரோடு. எல்லா வரியிலும் ஒரே வாக்கியம். அன்று போனில் அதை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான், இவளுக்கு எப்போதும் இதே பாட்டு என்று, மெயினைப் போட்டான்.

"கிராசி, போட்டுடாத, என் கை இன்னும் உள்ளதான் இருக்கு."